சம்பந்தி கொண்டுவந்த வெள்ளி

என் மகனுக்குப் பெண் கொடுப்பதற்காக மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்தவர்கள் தில்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தார்கள். அந்த ஒரு வாரத்தில் நான் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி இன்றுவரை என் கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் அவர் கோபப்பட மாட்டார். என்னைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் மாறும். அதற்குத்தான் பயம்.

மகனும் அந்தப் பெண்ணும் சிங்கப்பூரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள். இருவருக்கும் விடுப்பு கிடைக்காததால், முதலில் பெற்றவர்கள் சந்தித்துப் பேசி நிச்சயம் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பெண்ணின் அப்பா துறைமுகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர், மெலிந்த மனிதர், இடது முழங்காலில் வலி உள்ளவர். அம்மா ஒரு புடவைக் கடையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர் என்று மகன் சொல்லியிருந்தான். யாருடைய கடை, என்ன வேலை என்றெல்லாம் நான் கேட்டுக்கொள்ளவில்லை. விற்பனைப் பெண்ணாக இருந்தவர் என்பது மட்டும் மனதில் தங்கியது. நான் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக ஓய்வுபெற்றவள். அந்த வித்தியாசத்தை நான் வெளியே காட்டவில்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் நவம்பர் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் பணம் மாற்றும் கவுண்டரைப் பார்த்ததும் சம்பந்தி அங்கே போய் நின்றார். இருநூறு ரிங்கிட் கொடுத்துவிட்டு மேற்கொண்டு மாற்றப் போனவரை என் கணவரும் நானும்தான் தடுத்தோம். அவர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றே சொன்னார்கள்.

"வெள்ளிய இங்கயே மாத்திக்கிறேன் சம்பந்தி, கைல காசு இருந்தாதானே நல்லது" என்றார்.

"இங்க மாத்தினா பாதியை முழுங்கிடுவான். என்ன ஜல்தி? கனாட் ப்ளேஸ்ல நல்ல ரேட் கிடைக்கும், நிதானமா போய்க்கலாம்" என்றேன் நான்.

அவர் ஏழு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளையும் கொஞ்சம் சில்லறையையும் பைக்குள் வைத்துக்கொண்டு எங்களோடு வந்தார். மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை. அடுத்தது ஞாயிறு. திங்கள்கிழமை குருநானக் பிறந்த நாள். மூன்று நாளும் வங்கியும் கிடையாது, பணம் மாற்றும் அலுவலகமும் திறக்காது என்பது எங்கள் இருவருக்குமே அப்போது நினைவில் இல்லை.

சனிக்கிழமை காலை அவரும் என் கணவரும் நடந்து போய் எங்கள் மார்க்கெட்டில் இருந்த ஏ.டி.எம்.களில் அவருடைய கார்டைப் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் எடுக்கவில்லை. வெளிநாட்டில் பணம் எடுப்பதற்கு அவருடைய வங்கியில் முன்கூட்டியே அனுமதி போட்டிருக்க வேண்டும். அவர் போடவில்லை. இங்கிருந்து போடலாம் என்றால் அதற்கு ஓர் எண் அவருடைய மலேசியக் கைபேசிக்கு வர வேண்டும். அந்தக் கைபேசிக்கோ இங்கே சிக்னலே பிடிக்கவில்லை. மகளிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் பணம் அனுப்பிவிடுவாள். ஆனால் மகளுக்குப் பேச வந்த இடத்தில், கையில் காசில்லை என்று மகளிடமே எப்படிச் சொல்வது என்று அவர் நினைத்தார். இது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

தில்லியில் இப்போது கையில் பணம் இருந்தாலும் அது பாதிப் பணம்தான். அவர் இளநீர் குடித்துவிட்டு ஐந்நூறு ரூபாயை நீட்டினால் கடைக்காரர் சில்லறை இல்லை என்று தலையாட்டி, தள்ளுவண்டியில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டி ஸ்கேன் செய்யச் சொல்வார். உடனே என் கணவர் போனை எடுத்துவிடுவார். ஆட்டோ, மெட்ரோ, பழம், மருந்துக்கடையில் அவருடைய முழங்காலுக்குத் தைலம், எல்லாவற்றுக்கும் எங்கள் போன்தான். ஒவ்வொரு முறையும் சம்பந்தி நோட்டைக் கையில் பிடித்தபடி, "இத வெச்சுக்குங்க" என்பார். என் கணவர், "இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அவர் கையை மடக்கிவிடுவார். என் கணவர் மனதாரத்தான் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று அதையே சொன்னேன். என் மனது அப்படிச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கரோல் பாக் போனோம். சம்பந்தியம்மா தன் அக்கா தங்கைகளுக்கென்று ஆறு சால்வை எடுத்தார். துணியைத் தொட்டுப் பார்க்கும் விதத்திலேயே அவருடைய அனுபவம் தெரிந்தது. ஓரத்தைப் பிரித்து ஒளியில் பிடித்துப் பார்த்து, கலப்புக் கம்பளி என்று எனக்குக் காதோடு சொன்னார். கடைக்காரரிடம் ஒன்றும் பேசவில்லை. பேரத்தை என்னிடமே விட்டுவிட்டார். பணம் கொடுக்கும் நேரத்தில் அவருடைய கார்டும் வேலை செய்யவில்லை.

"சம்பந்தி, நீங்க கொஞ்சம் கட்டிடுங்க. காசு மாத்தினதும் மொத வேலையா குடுத்துடுறேன்" என்றார். முகம் சிவந்திருந்தது.

ஏழாயிரத்துச் சொச்சம். கட்டினேன். எங்களிடம் இல்லாத பணம் இல்லை. ஆனால் அந்த மாதம் கல்யாணச் செலவுக்கென்று எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தோம், பணம் போனதென்று போன் ஒவ்வொரு முறை கூவும்போதும் எனக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

திங்கள்கிழமை ஆக்ரா. டாக்ஸிக்கும் நாங்கள்தான் கொடுத்தோம். தாஜ் மஹால் வாசலில் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தனி டிக்கெட், எங்கள் டிக்கெட்டைவிட இருபது மடங்குக்கு மேல். நான் சம்பந்தியை ஓரமாக அழைத்து, உங்களைப் பார்த்தால் யாரும் வெளிநாடு என்று சொல்ல மாட்டார்கள், தமிழ்நாடு என்று சொல்லி எங்களோடு உள்ளே வந்துவிடுங்கள் என்றேன்.

அவர் சிரித்தார். "பாஸ்போர்ட்டு வேற நாட்டோடதாச்சே சம்பந்தி. பொய் சொல்லிட்டு உள்ள போனா மனசு ஒட்டாதுலா. நாங்க வேணா வெளியவே இருக்கோம், நீங்க பாத்துட்டு வாங்க."

வெளியே விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போக முடியுமா? இரண்டு வெளிநாட்டு டிக்கெட் வாங்கினேன். அவர்களுடைய நேர்மைக்கு நான் காசு கட்டுகிறேன் என்று தோன்றியது. அப்படித்தான் தோன்றியது, மறைப்பதற்கில்லை. அந்தப் பளிங்குக் கட்டடத்தைச் சுற்றி வந்த இரண்டு மணி நேரமும் நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பினோம். ஆண்கள் இருவரும் கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மா குளிக்கப் போயிருந்தார். நான் சமையலறையில் தோசைக்கல்லைப் போட்டுவிட்டு நொய்டாவில் இருக்கும் என் தங்கையை போனில் கூப்பிட்டேன். நாங்கள் கோல் மார்க்கெட் அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். சின்ன வயதிலிருந்து எங்களுக்குள் ஹிந்தியில்தான் பேசிக்கொள்வோம். ஊரிலிருந்து உறவினர்கள் வந்து தங்கும்போது அவர்களுக்கு எதிரிலேயே அவர்களைப் பற்றிப் பேச அது எங்களுக்கு மிகவும் வசதி. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரைப் பற்றிப் பேசத் தமிழ், வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பற்றிப் பேச ஹிந்தி. இந்தப் பழக்கத்தைத் தவறு என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

அன்று நான் எல்லாவற்றையும் கொட்டினேன். வெறும் கையை வீசிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றேன். கார்டு வேலை செய்யவில்லை என்பதே நாடகமோ என்னவோ என்றேன். கல்யாணத்துக்கு முன்பே செலவை நம் தலையில் கட்டிவிட்டார்கள், ஆக்ராவில் ராஜா மாதிரி டிக்கெட் கேட்கிறார்கள் என்றேன். தங்கை சிரிக்கச் சிரிக்க எனக்கு உற்சாகம் ஏறியது. கடைசியில், நமக்கு வாய்த்தவர்கள் "ஃபாரின் கே பிகாரி" என்று முடித்தேன். வெளிநாட்டுப் பிச்சைக்காரர்கள். தங்கைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

திரும்பினால் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார். ஈரத் தலையில் துண்டு. கையில் காலி டம்ளர். நான் துளிகூடத் திடுக்கிடவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணி வேணுமா சம்பந்தி?" என்று தமிழில் கேட்டேன்.

"இல்ல, குடிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அன்று ஒரே ஒரு தோசைதான் சாப்பிட்டார். பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு இருவரும் சற்று நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். எட்டாகியும் வரவில்லை, எட்டரையாகியும் வரவில்லை. இட்லி ஆறிக்கொண்டிருந்தது. கணவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் கீழே இறங்கி வந்து எங்கள் குடியிருப்பின் வாசலில் இருந்த காவலாளியிடம் கேட்டேன். அவர், அந்த ஆன்ட்டி தன்னிடம் வழி கேட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார். வெளிநாட்டு கார்டு எடுக்கும் வங்கி எது, எத்தனை மணிக்குத் திறக்கும், நடந்து போகலாமா, ரிக்‌ஷா வேண்டுமா என்று விவரமாகக் கேட்டாராம்.

காவலாளி பீகார்க்காரர். அவருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. எந்த மொழியில் கேட்டார் என்றேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்துவிட்டு, ஹிந்தியில்தான், உங்களைவிட மரியாதையாகப் பேசுகிறார் என்றார்.

முந்தின இரவு நான் பேசியது ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பி வந்தது. எதையாவது மெதுவாகச் சொன்னேனா, ஏதாவது காதில் விழாமல் போயிருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். தோசைக்கல் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று நான் உரக்கத்தான் பேசியிருந்தேன்.

இ-ரிக்‌ஷா பிடித்துக்கொண்டு போய் ஒவ்வொரு ஏ.டி.எம். வாசலாகப் பார்த்தேன். நான்காவது இடத்தில், இன்னும் திறக்காத வங்கியின் படிக்கட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இருவர் கையிலும் காகிதக் கோப்பையில் டீ. ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை இல்லாததால் டீக்கடைக்காரர் அப்புறம் கொடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தாராம். சம்பந்தி அதைப் பெரிய அதிசயமாக என்னிடம் சொன்னார். அவருக்கு எதுவும் தெரியாது என்பது அவர் பேச்சிலேயே புரிந்தது. மனைவி அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

வீட்டுக்கு வாருங்கள், இட்லி ஆறுகிறது என்றேன்.

"பசியாறிக்கலாம் சம்பந்தி. மொதல்ல இது முடியட்டும்" என்றார் சம்பந்தியம்மா.

நான் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். என்ன கேட்கிறோம் என்று தெரியாமலேயே, உங்களுக்கு ஹிந்தி தெரியும் என்று சொல்லவே இல்லையே என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் குற்றம் சாட்டுகிற மாதிரி வந்தது அது.

அவர் டீயைக் குடித்து முடித்தார். "நீங்க கேக்கலயே" என்றார். தன் கணவர் டீக்கடைப் பக்கம் எழுந்து போகும்வரை பொறுத்திருந்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எங்க மொதலாளி குடும்பம் குஜராத்திக்காரங்க. அவங்களுக்குள்ள ஹிந்தியும் பேசுவாங்க. கடையில வேலை செய்யிற எங்கள பத்தி எங்க முன்னாடியே பேசுவாங்க. எங்களுக்குப் புரியாதுன்னு நெனப்பு. எனக்கு ரெண்டு வருசத்துலயே புரிஞ்சிருச்சு. இருபது வருசம் புரியாத மாதிரியே இருந்தேன்."

இப்போது எழுதும்போது எத்தனையோ வாக்கியங்கள் வருகின்றன. அன்று அந்தப் படிக்கட்டில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணிக்கு வங்கி திறந்தது. அங்கே ரிங்கிட் மாற்றுவதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்கு போன் செய்து கணவரிடம், இவர்களைக் கனாட் ப்ளேஸ் அழைத்துப் போகிறேன் என்று சொன்னேன். மெட்ரோவில் போனோம். டோக்கனுக்கு நான் போனை எடுப்பதற்குள் சம்பந்தியம்மா ஜன்னலுக்குப் போய் ஐந்நூறு ரூபாயை நீட்டி, மீதியை எண்ணி வாங்கிக்கொண்டார். எனக்கும் சேர்த்து எடுத்திருந்தார்.

பணம் மாற்றும் அலுவலகம் ஒரு மாடியில், குறுகலான படிகளுக்கு மேலே இருந்தது. கவுண்டரில் இருந்த இளைஞன் என்னைப் பார்த்து, இவர்கள் உங்களோடு வந்தவர்களா, என்ன வேண்டும் என்று ஹிந்தியில் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மாவே பதில் சொன்னார். இன்றைய விலை என்ன, தனியாகக் கட்டணம் உண்டா, ரசீது தருவீர்களா என்று கேட்டார். வருஷக்கணக்காகக் காதால் கேட்டுக் கேட்டே மெருகேறிய ஹிந்தி. குஜராத்தி இழுப்பு லேசாக இருந்தது. பையன் உடனே நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னான்.

கைப்பையிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒரு பழுப்பு உறையையும் அவர் எடுத்தார். உறைமேல் நீல மையில் "மாப்பிள்ளை மோதிரம்" என்று எழுதியிருந்தது.

நான் அதைப் படித்துவிட்டதை சம்பந்தி பார்த்துவிட்டார். கூச்சத்தோடு சிரித்தார். மகனுக்கு இங்கேயே நல்ல கடையாகப் பார்த்து ஒரு மோதிரம் செய்துபோட வேண்டும் என்று எடுத்துவந்த நாலாயிரம் வெள்ளியாம் அது. அதை உடைக்கக் கூடாது என்றுதான் மூன்று நாளாக அந்தக் கார்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாராம்.

"பரவால்ல, மோதிரம் கொஞ்சம் சின்னதாப் போட்டுக்கலாம். மாப்பிள்ளை கோவிச்சுக்க மாட்டாருல்ல?" என்று என்னிடம் கேட்டார்.

மாட்டான் என்றேன்.

பையன் நோட்டுகளை ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துப் பார்த்தான். பேனாக் கீறல் இருந்த இரண்டு நோட்டுகளை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தான். ரூபாய்க் கட்டு கைக்கு வந்ததும் சம்பந்தியம்மா அங்கேயே, கவுண்டருக்கு முன்னாலேயே, சால்வைக்கு இவ்வளவு, டாக்ஸிக்கு இவ்வளவு, தாஜ் மஹாலுக்கு இவ்வளவு, தைலத்துக்கு இவ்வளவு என்று சொல்லிச் சொல்லி எண்ணினார். எதையும் விடவில்லை. இளநீர்கூட இருந்தது. என் மனது போட்டுவைத்திருந்த கணக்கைவிட அவர் கணக்கு கூடுதலாக வந்தது.

"இருக்கட்டும் சம்பந்தி" என்றேன்.

"இருக்கட்டும்னு சொல்லாதீங்க. வாங்கிக்குங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் மறுபடியும் மறுக்க முடியாத குரல்.

எங்களுக்குப் பின்னால் வெள்ளைக்கார இளைஞர்கள் இருவர் காத்திருந்தார்கள். கவுண்டர் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கைகளாலும் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். முப்பத்து நான்கு வருஷம் அரசாங்கத்தில் வேலை பார்த்தபோது யாரிடமும் ஒரு ரூபாய் கைநீட்டி வாங்கியதில்லை என்று பெருமை பேசுகிறவள் நான். அன்று வாங்கியது எனக்கு உரிய பணம்தான். ஆனாலும் அதைப்போல வாங்கக் கூசிய பணம் வேறில்லை.

வீட்டில் கணவர், ஏன் இத்தனை அவசரம், நான் அழைத்துப் போயிருப்பேனே என்று வருத்தப்பட்டார். அவர்கள்தான் பிடிவாதம் பிடித்தார்கள் என்று பொய் சொன்னேன். அன்று மாலை தங்கை போன் செய்தாள். எடுத்ததுமே, உன் ஃபாரின் பிகாரிகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். நான் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இனி அப்படிச் சொல்லாதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. லேசாகச் சிரித்து வேறு பேச்சுக்கு மாற்றினேன். எல்லாம் தெரிந்த பிறகும் சிரித்தேன். சமையலறையில் பேசியதையாவது தெரியாமல் பேசியது என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அந்தச் சமாதானமும் இல்லை.

அடுத்த இரண்டு நாட்கள் அவர்கள் எங்கள் போனுக்கு வேலையே வைக்கவில்லை. சம்பந்தியம்மா டீக்கடைக்காரருக்கு முதலில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பத்து, இருபது, ஐம்பது என்று சில்லறையாக மாற்றி ஒரு சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். புதன்கிழமை நாங்கள் நால்வரும் போய் மகனுக்கு மோதிரம் வாங்கினோம். நினைத்ததைவிட மெல்லியதுதான். நிச்சயத் தாம்பூலம் மாற்றிக்கொண்டோம். என்னிடம் அவர் பேசுவதில் எந்தக் குறையும் இல்லை. மாவு எப்படி இவ்வளவு பொங்குகிறது என்று கேட்டார். எனக்கு முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தார். அவர் சாதாரணமாக இருக்க இருக்க எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில் ஆண்கள் இருவரும் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது எங்களுக்குக் கொஞ்ச நேரம் தனியாகக் கிடைத்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கு நான் போன்ல பேசினது, சம்பந்தி..." என்று தொடங்கினேன்.

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. என்னை நேராகப் பார்த்தார். "மறந்துருவேன். கொஞ்ச நாளாகும்" என்றார். பிறகு அவருடைய கணவர் அழைக்கவே, பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

நான் எதிர்பார்த்தது பரவாயில்லை என்ற வார்த்தையை. அவர் அதைச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன் என்றும் தெரிகிறது. வீடு திரும்பியதும் தங்கையை போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவள், நீதானே அக்கா ஆரம்பித்தாய் என்றாள். உண்மை. அதற்குப் பிறகு நாங்கள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

கல்யாணம் கிள்ளானில் நடந்தது. நாங்கள் பதினைந்து பேர் போயிருந்தோம். மண்டபத்தில் சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தன் அக்கா தங்கைகளிடமும், கடையில் கூட வேலை பார்த்தவர்களிடமும் ஒவ்வொருவராக அழைத்துப் போனார். "இவங்கதான் டெல்லி சம்பந்தி. நாங்க போயிருந்தப்ப ஒரு குறையும் வைக்காம பாத்துக்கிட்டாங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். அவர்கள் எல்லோரும் என்னைக் கும்பிட்டார்கள். நானும் ஒவ்வொருவரையும் திருப்பிக் கும்பிட்டேன். ஏறிட்டுப் பார்க்க முடியாமல் அவர்களுடைய சேலைக் கரைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.